மருந்து வேலை செய்கிறதா? டாக்டர் சுனிதி சாலமன் எழுதிவைத்த கணக்கு

எச்.ஐ.வி. தொற்று இருப்பதாகத் தெரியவரும் ஒருவருக்கு இன்று அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துச் சிகிச்சை) மையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே மாத்திரைதான். விடாமல் சாப்பிட்டு வந்தால் மற்றவர்களைப் போல முதுமை வரை வாழலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், தொற்றில்லாத பிள்ளை பெறலாம் என்று அங்குள்ள மருத்துவர் சொல்வார். அவர் ஆறுதலுக்காக அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் பல்லாயிரம் நோயாளிகளின் கோப்புகள் இருக்கின்றன. யார் எப்போது வந்தார், வந்தபோது எந்த நிலையில் இருந்தார், என்ன மருந்து கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தார், ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தாரா என்று யாரோ பொறுமையாக எழுதிவைத்ததால் வந்த உறுதி அது.

இந்தியாவில் அந்தக் கணக்கை எழுதத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன். நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதை 1986-ல் கண்டறிந்தவர் என்ற அளவில்தான் அவர் பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கண்டறிந்தது ஒரு சில மாத வேலை. அதற்குப் பிறகு, 2015-ல் தான் இறக்கும் வரை, தொற்றுள்ளவர்களுக்கு என்ன ஆகிறது என்று அவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வேலைதான் அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். மருத்துவ ஆராய்ச்சி என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் தோல் வணிகம் செய்த ஒரு மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர் சுனிதி கெய்தொண்டே. எட்டுப் பிள்ளைகளில் ஒரே பெண். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். இதய அறுவை மருத்துவரான சாலமன் விக்டரைத் திருமணம் செய்துகொண்டார். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சில நாடுகளில் பயிற்சி பெற்றுவிட்டு, 1973-ல் இருவரும் சென்னைக்கே திரும்பினார்கள். தான் படித்த கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் துறையில் சுனிதி ஆசிரியர் ஆனார்.

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கைகள் வந்தன. இந்தியாவில் அதை வெளிநாட்டு நோய் என்றே பலரும் நினைத்தார்கள். நம் ஒழுக்கம் நம்மைக் காப்பாற்றும் என்று பத்திரிகைகளிலும் பேசினார்கள். சுனிதி தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வேட்டுக்கு இதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. இரண்டு சிறு குழந்தைகள். பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களிடமும், கைதாகிக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமும் அவர் ரத்த மாதிரி எடுத்தார். கையுறை இல்லை. மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால், 1986 பிப்ரவரியில் கணவரோடு ராத்திரி ரயிலேறி காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றைக் கொண்டுபோனார். அங்கே வைரஸ் துறையில் பேராசிரியர் ஜேக்கப் ஜான் இருந்தார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவில் சோதித்தபோதும் அதே முடிவு வந்தது. அந்த மே மாதம் தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

இந்தக் கதையில் ஒன்றை மறைக்கக் கூடாது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. நிர்மலாவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். இன்று எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. சோதனைக்கு முன்னால் ஒருவரை உட்காரவைத்து விளக்கி, ஒப்புதல் வாங்கி, முடிவைச் சொல்லும்போதும் கூடவே இருந்து தைரியம் தரும் கவுன்சலிங் முறைக்குச் சுனிதி பிற்காலத்தில் மிகவும் அழுத்தம் கொடுத்தார். அவருடைய மருத்துவமனையில் மருந்தைவிட முன்னால் வந்தது அதுதான். அப்போது கொடுக்க மருந்தும் இல்லை.

தொற்று இருப்பதாகத் தெரிந்ததும் மருத்துவமனைகள் கதவைச் சாத்திய காலம் அது. பிரசவம் பார்க்க மாட்டார்கள், பல் பிடுங்க மாட்டார்கள், இறந்தால் உடலைத் தொடமாட்டார்கள். சுனிதியின் கணவருக்கே அவர் இந்த வேலைக்குப் போவதில் ஆரம்பத்தில் விருப்பம் இல்லை. 1993-ல் சுனிதி அரசுப் பணியை விட்டு, தன் தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். பிறகு அது தரமணியில் உள்ள வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் பெரிதாக வளர்ந்தது. நோயாளிகளைப் பார்ப்பதும் அவர்களைப் பற்றிய தகவல்களை முறையாகப் பதிவதும் அங்கே ஒரே வேலையாக நடந்தன. டாக்டர் என். குமாரசாமி உள்ளிட்ட மருத்துவர்கள் அதில் சேர்ந்தார்கள். பின்னர் உலக மருத்துவ இதழ்களில் வந்த பல கட்டுரைகள் அந்தப் பதிவேடுகளிலிருந்து பிறந்தவை.

இனி அந்தக் கட்டுரைகள் எதை அளந்தன என்று பார்க்கலாம். அதற்கு இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் எண் சி.டி.4. இவை ரத்தத்தில் உள்ள ஒருவகை வெள்ளணுக்கள். உடலின் நோய் எதிர்ப்பை முடுக்கிவிடுபவை. எச்.ஐ.வி. இவற்றுக்குள் நுழைந்து பெருகி இவற்றையே அழிக்கிறது. நலமாக உள்ளவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை சி.டி.4 இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால், சாதாரணமாக உடல் சமாளித்துவிடும் கிருமிகளும் உயிரை வாங்கும். அந்தக் கட்டத்தைத்தான் எய்ட்ஸ் என்கிறார்கள். இரண்டாவது எண் வைரல் லோடு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்பதற்கான அளவு. சி.டி.4 இதுவரை நேர்ந்த சேதத்தைச் சொல்கிறது. வைரல் லோடு இப்போது நடக்கும் தாக்குதலைச் சொல்கிறது. மருந்து சரியாக வேலை செய்தால் முதலில் வைரல் லோடு விழும், பிறகு மெதுவாக சி.டி.4 ஏறும்.

1990-களில் இந்த நோயைப் பற்றிய பாடப்புத்தகங்கள் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளை வைத்து எழுதப்பட்டவை. தொற்றியவர்களில் ஓரினச்சேர்க்கை ஆண்களும் ஊசி மூலம் போதைமருந்து ஏற்றுபவர்களும் அதிகம் என்றும், அவர்களைப் பெரிதும் கொல்வது நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா என்றும் அவை சொல்லின. சென்னைக்கு இது பொருந்துமா? சுனிதி குழுவினர் 594 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, தென்னிந்தியாவில் இந்த நோய் எப்படிப் போகிறது என்ற கட்டுரையை 2003-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 93 பேருக்கு ஆண்-பெண் உறவு மூலமே தொற்றியிருந்தது. எய்ட்ஸ் கட்டத்துக்குப் போனவர்களிடம் எல்லாவற்றையும்விட அதிகமாகக் காணப்பட்டது நுரையீரல் காசநோய். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு. பாடப்புத்தகத்தின் நிமோனியா நூற்றுக்கு 6 பேருக்குத்தான். சி.டி.4 200-க்குக் கீழே இருந்தவர்களுக்கு இறக்கும் ஆபத்து, 350-க்கு மேலே இருந்தவர்களைப் போல 19 மடங்கு.

இதனால் நோயாளிக்கு என்ன நன்மை என்று கேட்கலாம். நிறைய. எச்.ஐ.வி. உள்ளவர் இருமலோடு வந்தால் எதை முதலில் தேட வேண்டும் என்று தெரிந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் நெவிரபின் என்ற மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். ஆகவே இரண்டு நோயும் உள்ளவருக்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவில் எப்போதோ வரும் இந்தச் சிக்கல் இங்கே தினமும் வரும். அதற்கான வழிமுறையை இங்கிருந்துதான் உருவாக்க முடியும்.

அந்தக் காலத்தில் சி.டி.4 சோதனையும் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடையாது. அதனால் அதே குழு இன்னொரு கேள்வியையும் எடுத்துக்கொண்டது. எந்தச் சின்ன லேபிலும் செய்யக்கூடிய சாதாரண ரத்தப் பரிசோதனையில் கிடைக்கும், லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கையை வைத்து ஓரளவாவது ஊகிக்க முடியுமா? நோயாளிகளின் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், மொத்த லிம்போசைட் 1,400-க்குக் கீழே இருந்தால் சி.டி.4 200-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. பிசகு வரக்கூடிய அளவுகோல்தான். ஆனாலும் ஒரு சிறுநகர மருத்துவர் அதை நம்பி, கிருமித்தொற்றுகளைத் தடுக்கும் மலிவான கோட்ரைமாக்சசோல் மாத்திரையை முன்னெச்சரிக்கையாகத் தொடங்கலாம். ஆடம்பரமில்லாத இத்தகைய ஆய்வுக்குப் பரிசு கிடைப்பதில்லை. ஆனால் வசதியற்ற ஊரில் உள்ளவரின் உயிரைக் காப்பது இதுதான்.

பதிவேடுகள் வேறொன்றையும் காட்டின. மையத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாத மனைவிமார்கள். பத்தில் எட்டுப் பேருக்கும் மேல், கணவரைத் தவிர யாரிடமும் உறவு வைத்ததில்லை என்றார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே ஆபத்து, அவர்களுடைய திருமணம். ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்று இருந்தால் எய்ட்ஸ் வராது என்று சுவரெங்கும் எழுதிய நாட்டில், ஒழுக்கமாக இருந்த பெண்ணுக்கே அது வந்திருந்தது. கணவர் இறந்ததும் மாமியார் வீட்டில் பழியும் அவள் மேல்தான் விழுந்தது. சுனிதி இதைக் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சொன்னார். அவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசியிருந்தால் மறுப்பதற்கு ஆளிருந்திருக்கும். அவர் எண்களை வைத்துப் பேசினார்.

1996-ல் பெரிய மாற்றம் வந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸை அடக்கிவைக்க முடியும் என்று தெரிந்தது. ஒரே மருந்தாகக் கொடுத்தால் வைரஸ் விரைவில் உருமாறித் தப்பிவிடும்; ஒரே நேரத்தில் மூன்றுக்கும் ஈடுகொடுத்து உருமாறுவது அதற்குக் கடினம். பணக்கார நாடுகளில் மரணங்கள் சடசடவெனக் குறைந்தன. ஆனால் மருந்தின் விலை ஓர் ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, அதே மூன்று மருந்துக் கூட்டை வருஷம் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். அப்போது இந்தியச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை இல்லாததால் அதை இங்கே தயாரிக்க முடிந்தது.

உடனே உலகத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது: இந்த மலிவு மருந்து, அசல் மருந்தைப் போல வேலை செய்யுமா? ஏழை நாட்டு நோயாளிகள் நேரம் தவறாமல் சாப்பிடுவார்களா? இதற்கு விவாதத்தால் பதில் சொல்ல முடியாது. சாப்பிட்டவர்களின் உடம்புதான் பதில் சொல்ல வேண்டும். சென்னையில் அந்தப் பதிவுகள் இருந்தன. இந்தியத் தயாரிப்பு மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு சி.டி.4 ஏறியதையும், மருந்து பாதுகாப்பாக இருந்ததையும் 2003-ல் வெளியிட்டார்கள். 2005-ல் வந்த இன்னொரு கட்டுரை, மருந்து வருவதற்கு முன்னும் பின்னும் மையத்தில் நடந்த மரணங்களைக் கணக்கிட்டது. 1997-ல் நூறு பேரை ஓராண்டு கவனித்தால் 25 பேர் இறந்த நிலை. 2003-ல் அது 5 ஆனது.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் மருத்துவச் செய்திகளில் நாம் அடிக்கடி ஏமாறும் இடம் இது. நோயாளிகள் எல்லோரும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போவதில்லை. ஒருவரை நான்கு வருஷம் பார்த்திருப்பார்கள், இன்னொருவரை நான்கு மாதம். ஆகவே ஆட்களை மட்டும் எண்ணாமல், ஒவ்வொருவரையும் கவனித்த காலத்தையும் கூட்டி, அந்த மொத்தக் காலத்துக்கு எத்தனை மரணம் என்று கணக்கிடுவார்கள். இது நேர்மையான கணக்கு. ஆனாலும் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு விவசாயி புது உரம் போட்ட வருஷம் நல்ல மழையும் பெய்து விளைச்சல் கூடினால், உரத்தாலா மழையாலா என்று சொல்ல முடியாது. அதுபோல 2003-ல் வந்த நோயாளிகள், விழிப்புணர்வு கூடியதால், நோய் முற்றாமலே வந்திருக்கலாம். மருத்துவர்களும் அதற்குள் அனுபவம் பெற்றிருப்பார்கள். மருந்தின் பங்கு பெரியது என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு பெரியது என்று துல்லியமாகச் சொல்ல இந்த வகை ஆய்வு போதாது.

இன்னொரு ஓட்டை இதைவிட வருத்தமானது: வராமல் போனவர்கள். கோப்பு இருக்கும், ஆள் இருக்க மாட்டார். குணமாகி ஊருக்குப் போய்விட்டாரா, வேறு மருத்துவமனைக்கு மாறினாரா, யாருக்கும் சொல்லாமல் இறந்துவிட்டாரா என்று தெரியாது. எச்.ஐ.வி.யில் இது மற்ற நோய்களைவிட அதிகம். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று பயந்து சொந்த மாவட்டத்தை விட்டு வேறு ஊரில் வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு. பயத்தில் தப்பான முகவரி கொடுப்பவர்களும் உண்டு. இவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால் மருந்து உண்மையில் இருப்பதைவிட நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். அதனால்தான் நல்ல ஆராய்ச்சி மையம் எதிலும் களப்பணியாளர்கள் இருப்பார்கள். போன் செய்வார்கள், தேவைப்பட்டால் யாருக்கும் தெரியாத வகையில் நேரில் போய்ப் பார்ப்பார்கள். கட்டுரையில் அவர்கள் பெயர் வராமல் போகலாம். ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த எண்ணை நம்ப முடியாது.

மருந்து கிடைத்ததும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. அன்றைய மலிவுக் கூட்டில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. உயிரைக் காத்தது, கூடவே சிலருக்குக் கால் எரிச்சலையும் மரத்துப்போவதையும் கொண்டுவந்தது, கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்டவைத்தது, அரிதாக ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கூட்டி ஆபத்தில் தள்ளியது. ஒட்டிய கன்னம் என்பது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ஊரார் பார்த்ததுமே இன்ன நோய் என்று கண்டுகொள்வார்கள். இன்னொரு மருந்தான நெவிரபின் சிலருக்குக் கடுமையான தோல் தடிப்பை உண்டாக்கியது, ஜிடோவுடின் ரத்தசோகையை. சென்னைக் குழு, நோயாளிகள் ஏன் மருந்தை மாற்றினார்கள் என்று தனியாக ஆராய்ந்தது. முதல் காரணம் பக்கவிளைவு. மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர். அடுத்த காரணம் செலவு. மருந்து பலிக்காமல் போனதால் மாற்றியவர்கள் அதற்கும் பிறகுதான். ஏழை நாட்டு நோயாளிகள் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள் என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை. கையில் காசில்லாதபோதும் உடம்பு தாங்காதபோதும்தான் அவர்கள் தடுமாறினார்கள். ஸ்டாவுடினைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்னது. பல நாடுகளிலிருந்து வந்த இத்தகைய பதிவுகள்தான் அதற்கு அடிப்படை.

செலவுப் பிரச்சினைக்கு 2004 ஏப்ரல் 1 அன்று ஒரு விடிவு பிறந்தது. தொற்று அதிகமாக இருந்த தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களிலும் டெல்லியிலும் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அதில் முன்னணியில் இருந்தது.

அடுத்து எழுந்த கேள்வி, மருந்தை எப்போது தொடங்குவது என்பது. பக்கவிளைவும் விலையும் இருப்பதால், சி.டி.4 நன்றாகக் குறையும் வரை காத்திருக்கலாம் என்பதே அன்றைய வழக்கம். சீக்கிரம் தொடங்கினால் நோயாளிக்கு நன்மையா? கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்தால், அவருக்கு மருந்து கொடுப்பது மற்றவரைக் காக்குமா? இதைக் கோப்புகளைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. சீக்கிரம் மருந்து தொடங்குபவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமானவர்களாக இருக்கலாம். உரமா மழையா என்ற அதே சிக்கல். அதைத் தீர்க்க ஒரே வழி, யாருக்கு எப்போது மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது. குலுக்கும்போது இரண்டு குழுக்களும் வயதிலும் வசதியிலும் கவனத்திலும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்துவிடும். அதற்குப் பிறகு தெரியும் வித்தியாசம் மருந்தால் வந்தது என்று நம்பலாம்.

எச்.பி.டி.என். 052 என்ற அந்த ஆய்வை அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைரன் கோஹன் தலைமையேற்று நடத்தினார். ஒன்பது நாடுகளில் 13 இடங்கள். அவற்றில் சென்னையும் புனேயும் இருந்தன. சென்னையில் பொறுப்பேற்றது ஒய்.ஆர்.ஜி. கேர். ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 தம்பதிகள் சேர்ந்தார்கள். தொற்றுள்ளவரின் சி.டி.4 350-க்கும் 550-க்கும் நடுவே இருக்க வேண்டும். பாதிப் பேருக்கு உடனே மருந்து. மீதிப் பேருக்கு சி.டி.4 250-ஐ ஒட்டி இறங்கும்போதோ நோய் தலைகாட்டும்போதோ மருந்து. அன்றைய வழக்கத்தையே ஒட்டியிருந்ததால் இரண்டாவது குழுவுக்கு அநியாயம் செய்யப்படவில்லை. எல்லோருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் தொடர்ந்து கிடைத்தன.

இத்தகைய ஆய்வுகளுக்கு ஒரு தனிக் கண்காணிப்புக் குழு இருக்கும். ஆய்வை நடத்தும் மருத்துவர்களுக்குத் தெரியாத இடைக்கால எண்களை அது பார்க்கும். எந்தப் பக்கமாவது தெளிவான நன்மையோ தீமையோ தெரிந்தால், ஆய்வு முடியும் வரை காத்திருக்காமல் முடிவை வெளியிடச் சொல்லும். 2011 ஏப்ரலில் அதுதான் நடந்தது. தொற்றுள்ள துணையிடமிருந்தே வந்தது என்று வைரஸின் மரபணுவை ஒப்பிட்டு உறுதிசெய்த தொற்றுகள் 28. அவற்றில் 27, மருந்துக்குக் காத்திருந்த குழுவில். உடனே மருந்து தொடங்கிய குழுவில் ஒன்றே ஒன்று. தொற்றும் ஆபத்து 96 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லோருக்கும் மருந்து கொடுத்து 2015 வரை தொடர்ந்து பார்த்தபோது அது 93 விழுக்காடாக நிலைத்தது. மருந்தால் வைரஸ் முழுமையாக அடங்கியிருந்த நேரத்தில் துணைக்குத் தொற்றியதாக ஒருவரும் இல்லை. ‘சயின்ஸ்’ இதழ் இதை 2011-ன் தலைசிறந்த அறிவியல் சாதனை என்று தேர்ந்தெடுத்தது.

தென்னிந்திய மனைவிமார்களைப் பற்றிய பழைய பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். ஆணுறை போடச் சொல்லிக் கணவனைக் கட்டாயப்படுத்த முடியாத பெண்ணுக்கு, கணவன் தினமும் விழுங்கும் மாத்திரையே காவல். அந்த முடிவைத் தந்த தம்பதிகளில் ஒரு பகுதியினர் சென்னைக்கு வந்து போனவர்கள். பெயர் வெளியே தெரியாத அவர்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

தொற்றுள்ளவருக்கே நன்மை உண்டா என்ற மற்ற கேள்விக்கு 2015 மே மாதம் பதில் வந்தது. ஸ்டார்ட் என்ற ஆய்வில் 35 நாடுகளைச் சேர்ந்த 4,685 பேர் இருந்தார்கள். சி.டி.4 500-க்கு மேலே இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களுக்கு, 350 வரை காத்திருந்தவர்களைவிடக் கடும் நோயோ மரணமோ நேரும் ஆபத்து 57 விழுக்காடு குறைவு. அந்த ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம், தொற்று உறுதியான எல்லோருக்கும் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மருந்து தொடங்கலாம் என்று பரிந்துரைத்தது. இந்தியா 2017-ல் அதை ஏற்றது.

சுனிதி அதைப் பார்க்கவில்லை. கணையப் புற்றுநோயால் 2015 ஜூலை 28 அன்று சென்னையில் இறந்தார். வயது 76. 2017-ல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகன் சுனில் சாலமன் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் ஆய்வு செய்கிறார்.

சுனிதியைப் பற்றி எழுதும்போது, கல்யாணத் தரகு பார்த்த டாக்டரம்மா என்ற பக்கத்தை விடமுடியாது. மருந்தால் உடம்பு தேறிய இளைஞர்களையும் இளம் பெண்களையும் வீட்டில் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி நெருக்கினார்கள். உண்மையைச் சொல்ல முடியாது. சொல்லாமல் தொற்றில்லாத ஒருவரைக் கட்டிக்கொள்வதும் பாவம். அவர் தன் நோயாளிகளிலேயே பொருத்தம் பார்க்கத் தொடங்கினார். படிப்பு, சாதி, வருமானம் என்று வழக்கமாகக் கேட்பவற்றோடு சி.டி.4, வைரல் லோடு, சிகிச்சை விவரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தார். ‘லவ்சிக்’ என்ற ஆவணப்படம் இதைப் பதிவுசெய்திருக்கிறது. சிலருக்கு இது ஆராய்ச்சியாளர் செய்யும் வேலையாகத் தோன்றாது. எனக்குத் தோன்றுகிறது. சிகிச்சை பலித்ததா என்பதற்கு உயிரோடு இருப்பது மட்டும் விடையாகாது. அவருக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நோயாளிகள் அவரிடம் கேட்டது அதைத்தான்.

அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் குழந்தை பெறலாமா என்பது அடுத்த கேள்வி. எந்த மருந்தும் இல்லாவிட்டால், தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் மருந்து எடுத்து, குழந்தைக்கும் உரிய மருந்து கொடுத்தால் அதை 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரலாம். வைரல் லோடு நன்றாக அடங்கியிருந்தால் இன்னும் குறையும். அதனால்தான் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்யச் சொல்கிறார்கள்.

இப்போது தரப்படும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற புதிய மருந்து இருக்கிறது. பழையவற்றைவிட வேகமாக வைரஸை அடக்கும், பக்கவிளைவு குறைவு, வைரஸ் அதற்கு எளிதில் பழகிவிடாது. சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க வைரல் லோடு சோதனையும் அரசு மையங்கள் வழியாக இலவசமாகச் செய்யப்படுகிறது. முன்பு சி.டி.4 குறைவதை வைத்தே மருந்து தோற்றதைக் கண்டுபிடித்தார்கள்; அது தெரியவரும் முன்பே வைரஸ் பல மருந்துகளுக்கு மசியாததாக மாறியிருக்கும். ஆகவே சிகிச்சையில் இருப்பவர் தன் வைரல் லோடு எவ்வளவு என்று தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எண் அவருக்கு உரிமையானது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் வேறு சில உரிமைகளையும் தந்திருக்கிறது: ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, ஒருவரின் தொற்று நிலையை அனுமதியின்றி வெளியிடக் கூடாது, வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டக் கூடாது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். சோதனை இலவசம், முடிவை உங்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசுங்கள். தொற்று இருப்பது உறுதியானால் மருந்தை உடனே தொடங்குங்கள், தொடங்கியதை விடாதீர்கள். ஊரை விட்டு மாற வேண்டியிருந்தால் மையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். புது ஊரில் உள்ள மையத்துக்கு உங்கள் கோப்பை மாற்றித் தருவார்கள், மருந்து ஒரு நாளும் தடைபடாது.